‘கறுப்பாக இருந்தாலும்…’ – இண்டர்லோக் நாவலும் நம் வகுப்பறையும்



ஒரு வாக்கியத்திலிருந்து தொடங்குகிறேன். ‘அவள் கறுப்பாக இருந்தாலும் களையாக இருப்பாள்.’

இது எந்த நாவலிலும் வரும் வாக்கியம் இல்லை. லெம்பா பெர்த்தாமில், படிவம் மூன்று வகுப்பில், வெண்பலகையில் நானே எழுதியது. ‘இருந்தாலும்’ என்ற சொல்லை வாக்கியத்தில் அமைத்துக் காட்ட வேண்டியிருந்தது. சின்ன வயதிலிருந்து வீட்டில் கேட்ட வாக்கியம் கையில் தானாக வந்து விழுந்தது. பின் வரிசையில் ஒரு பையன் சிரித்தான். இன்னொருவன் ஒரு மாணவியின் பெயரைச் சொன்னான். வகுப்பே திரும்பி அவளைப் பார்த்தது. அவள் ஒன்றும் பேசவில்லை. குளிர்ச்சட்டையின் தொப்பியை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். கேமரன் மலையில் அது யாருக்கும் வித்தியாசமாகத் தெரியாது, குளிருது போலன்னு நினைச்சுக்குவாங்க. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அடுத்த வாரம் ‘என் குடும்பம்’ என்று கட்டுரை எழுதச் சொன்னேன். அவள் எழுதிய இரண்டாவது வரி: ‘என் தங்கச்சி வெள்ளை. நான் எங்க அம்மா மாதிரி.’ எழுத்துப்பிழை எதுவும் இல்லை. சிவப்பு மையால் திருத்த ஒன்றும் இல்லை. திருத்த வேண்டியது என் வாக்கியம்தான் என்று அப்போதுதான் உறைத்தது.

இனவாதத்தைப் பற்றிப் பேசும்போது நாம் எப்போதும் அடுத்தவர் எழுதிய புத்தகத்தைத்தான் எடுக்கிறோம். நம் நாட்டில் அப்படி எடுத்த புத்தகங்களில் முக்கியமானது இண்டர்லோக். அதை இன்று மறுபடி வாசித்துப் பார்ப்போம். வாசித்து முடித்ததும் என் வெண்பலகைக்குத் திரும்பி வருகிறேன்.

நாவலும் சர்ச்சையும்: சுருக்கமாக

இண்டர்லோக்கை எழுதியவர் அப்துல்லா ஹுசேன். 1996இல் தேசிய இலக்கியவாதி என்ற உயரிய பட்டம் பெற்றவர். சுதந்திரத்தின் பத்தாம் ஆண்டையொட்டி நடந்த நாவல் போட்டிக்காக எழுதப்பட்ட இந்த நாவல், 1971இல் நூலாக வந்தது. நான்கு பாகங்கள். முதல் பாகம் செமானின் மலாய்க் குடும்பம், இரண்டாவது ஒரு சீனக் குடும்பம், மூன்றாவது மணியத்தின் இந்தியக் குடும்பம். நான்காம் பாகத்தில் மூன்று குடும்பங்களின் வாழ்க்கையும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. தலைப்பின் பொருளும் அதுதான்.

2011இல் இது படிவம் ஐந்து மலாய்மொழிப் பாடத்தின் கொம்சாஸ் நாவலாக சிலாங்கூர், கோலாலம்பூர், புத்ராஜெயா, நெகிரி செம்பிலான் பள்ளிகளுக்கு வந்தது. பகாங் மாணவர்களுக்கு அது பாடநூலாக வரவில்லை. ஆனால் சர்ச்சை மலையேறி இங்கேயும் வந்துவிட்டது. கப்பலில் வந்த இந்தியத் தொழிலாளர்களைப் ‘பறையர் சாதி’ என்று நாவல் குறிப்பிட்டதுதான் காரணம். எல்லாரும் ஒரே சாதி என்பதால், ஒருவரை ஒருவர் தொட்டால் தீட்டு என்ற பயம் கப்பலில் இல்லை என்ற கருத்தும் அதில் இருந்தது. இந்திய அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. அரசாங்கம் ஆய்வுக்குழு அமைத்தது, திருத்தங்கள் பேசப்பட்டன. அந்த ஆண்டு முடிவதற்குள் நாவலே பாடத்திலிருந்து விலக்கப்பட்டு, அதே ஆசிரியரின் ‘கொன்செர்தோ தெராக்கிர்’ அந்த இடத்துக்கு வந்தது.

சொல்லைச் சொல்வது யார்?

இங்கே தொடங்குகிறது விமர்சனம். மாணவர்களே, எந்த நாவலில் ஒரு இழிசொல்லைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ‘இந்தச் சொல் இருக்கலாமா?’ என்பதல்ல. ‘இதைச் சொல்வது யார்?’ என்பதுதான்.

ஒரு ஒப்பீடு தருகிறேன். இண்டர்லோக் சர்ச்சை இங்கே வெடித்த அதே 2011 ஜனவரியில், அமெரிக்காவிலும் ஒரு பாடநூல் சண்டை நடந்தது. மார்க் ட்வெயின் எழுதிய ‘ஹக்கிள்பெரி ஃபின்’ நாவலில் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் ஆங்கிலச் சொல் 219 இடங்களில் வருகிறது. அதை எடுத்துவிட்டு ‘அடிமை’ என்ற சொல்லைப் போட்டு ஒரு புதிய பதிப்பு வரப்போவதாக அறிவிப்பு வந்தது. பதிப்பாசிரியர் ஆலன் கிரிபன் ஒரு பேராசிரியர். இழிசொல் இருப்பதாலேயே பள்ளிகள் இந்த நாவலை ஒதுக்குகின்றன, மாற்றினால் மீண்டும் வகுப்புக்குள் வரும் என்பது அவர் வாதம். வரலாற்றை வெள்ளையடிக்கிறார்கள் என்றது எதிர்த்தரப்பு.

இரண்டு நாவலிலும் இழிசொல் உண்டு. இரண்டு ஆசிரியர்களுக்கும் நல்ல நோக்கமும் உண்டு. ட்வெயினின் கதையில் தப்பி ஓடும் அடிமை ஜிம்தான் எல்லாரையும் விட நல்ல மனிதன். அப்துல்லா ஹுசேனின் கதையில் அடிபட்டுக் கிடக்கும் மணியத்தைக் காப்பாற்றுவது ஒரு மலாய்க்காரர். இரண்டுமே இனங்களுக்கு நடுவே பாலம் கட்டத்தான் எழுதப்பட்டவை.

ஆனால் குரல் வேறு. ‘ஹக்கிள்பெரி ஃபின்’ கதையைச் சொல்வது ஹக் என்ற பையன். அவன் வளர்ந்த ஊரின் பேச்சு அவன் வாயில் வருகிறது. ஊர் சொன்னது தப்பு என்பது அவனுக்கே முழுசாகப் புரியவில்லை. வாசிக்கிற நமக்குப் புரிகிறது. அந்த இடைவெளியில்தான் ட்வெயின் தன் சமுதாயத்தைக் கிண்டல் செய்கிறார். சொல் பாத்திரத்துடையது, தீர்ப்பு வாசகருடையது.

இண்டர்லோக்கில் அந்த இடைவெளி இல்லை. கப்பலில் வந்தவர்கள் யார் என்று சொல்வது எல்லாம் தெரிந்த கதைசொல்லி. அது ஒரு பாத்திரத்தின் கோபமோ அறியாமையோ இல்லை, ‘தகவல்’ மாதிரி வருகிறது. அதை மறுத்துப் பேச நாவலுக்குள் ஆள் இல்லை. பதினேழு வயது மாணவர் அதை வரலாறு என்றே எடுத்துக்கொள்வார். நோக்கம் நல்லதாக இருந்தும் இண்டர்லோக் சறுக்கியது இந்த இடத்தில்தான் என்பது என் கருத்து.

அந்தத் தகவலும் சரியில்லை. கங்காணி முறையில் மலாயாவுக்கு வந்தவர்கள் பல சாதியினர். தாழ்த்தப்பட்ட மக்கள் பெருந்தொகையாக வந்தார்கள் என்பது உண்மை, எல்லாரும் ஒரே சாதி என்பது உண்மையில்லை. தீட்டு கடலோடு போய்விட்டது என்பதும் உண்மையில்லை. பல தோட்டங்களில் லயன் வீடுகளே சாதிவாரியாகப் பிரிந்திருந்தன, கோயில்களும் அப்படியே. 1929 டிசம்பரில் பெரியார் மலாயாவுக்கு வந்து சாதிக்கு எதிராகப் பேச வேண்டியிருந்தது சும்மாவா? கேமரன் மலையின் பெரிய தேயிலைத் தோட்டமான போ தொடங்கப்பட்டதும் அதே 1929தான். தேயிலைச் செடி நட்ட காலத்திலேயே சாதியும் தோட்டங்களில் வேர்பிடித்திருந்தது. மணியத்தின் ஊர், மொழி, வழக்கம் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தாமல் கிடப்பதை மலாய்மொழி எழுத்தாளர் உதயசங்கர் எஸ்.பி. போன்றவர்கள் அப்போதே சுட்டிக்காட்டினார்கள். சர்ச்சையில் கிடைத்த நல்ல இலக்கிய விமர்சனம் அது. சத்தத்தில் அது பலர் காதில் விழவில்லை.

நம் எதிர்ப்புக்குள் இருந்த இரண்டு குரல்கள்

இனி கொஞ்சம் கசப்பான பகுதி.

அன்றைய எதிர்ப்பில் இரண்டு குரல்கள் கலந்திருந்தன. ஒன்று: ‘எந்த மனிதரையும் இப்படி அழைக்கக்கூடாது.’ இன்னொன்று: ‘நாங்க எல்லாரும் அந்தச் சாதி இல்ல.’ கேட்பதற்கு ஒரே கோபம் மாதிரி இருக்கும். உண்மையில் ஒன்றுக்கொன்று எதிரானவை. முதல் குரல் ஏணியையே உடைக்கிறது. இரண்டாவது குரல், ‘ஏணி இருக்கட்டும், எங்களைக் கீழ்ப்படியில் நிறுத்தாதே’ என்கிறது.

இரண்டாவது குரல் ஒலித்த வீடுகளுக்குப் பக்கத்து வீட்டில், உண்மையிலேயே அந்தச் சமூகத்தில் பிறந்த ஒரு பிள்ளை இருந்திருக்கும். அந்தப் பிள்ளைக்கு அந்த ஆண்டு கிடைத்த பாடம் என்ன? தன் குலப்பெயரே ஒரு வசை, அது தங்கள்மேல் பட்டுவிடக்கூடாது என்று தமிழர்களே தெருவில் இறங்குகிறார்கள் என்பதுதானே? புத்தகத்தால் பட்ட காயம் ஒன்று, புத்தகத்தை எதிர்த்தவர்களால் பட்ட காயம் இன்னொன்று.

தமிழாசிரியர்களாகிய நாம் அன்று ஒரு வேலை செய்திருக்கலாம். அந்தச் சொல்லின் பயணத்தைச் சொல்லிக் கொடுத்திருக்கலாம். பறை ஒரு இசைக்கருவி. தமிழில் ‘பறை’ என்றால் சொல்லுதல், அறிவித்தல் என்றும் பொருள். புறநானூற்றின் 335ஆம் பாடல் சிறப்பாகச் சொல்லும் நான்கு குடிகளில் பறையனும் ஒன்று. பிறகு சாதி அமைப்பு அந்தப் பெயரைக் கீழே தள்ளியது. ஐரோப்பியர் அதைக் கேட்டு எடுத்துக்கொண்டு போனார்கள், ஆங்கிலத்தில் அது ‘ஒதுக்கப்பட்டவன்’ என்று ஆனது. மலாயில் தெருநாய்க்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இன்று நம் பிள்ளைகளே பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் ஒருவரை ஒருவர் அப்படித் திட்டுகிறார்கள். இசைக்கருவியின் பெயர் உலகம் சுற்றி வசையாகத் திரும்பி வந்திருக்கிறது. ‘கெலிங்’ கதையும் இப்படித்தான். கலிங்கம் என்ற நாட்டின் பெயர் தேய்ந்து, இன்று நம் முகத்தில் எறியப்படும் சொல்லாகிவிட்டது.

நாவலை விலக்கியதால் இதில் ஒன்றாவது மாறியதா? சொல் பாடநூலிலிருந்து போனது, சிற்றுண்டிச் சாலையிலிருந்து போகவில்லை.

வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை

அப்படியானால் எல்லாப் புத்தகத்தையும் அப்படியே வைத்துச் சத்தமாக வாசிக்கலாமா? அதையும் நான் ஏற்கவில்லை.

அமெரிக்காவில் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ நாவலைப் பற்றிக் கறுப்பினப் பெற்றோரும் கல்வியாளரும் பல காலமாகச் சொல்லி வரும் குறை ஒன்று உண்டு. வகுப்பில் ஒரே ஒரு கறுப்பினப் பிள்ளை இருக்கும். இழிசொல்லை ஆசிரியர் சத்தமாக வாசிப்பார். மொத்த வகுப்பும் அந்தப் பிள்ளையைத் திரும்பிப் பார்க்கும். இலக்கியத்தின் பெருமை எல்லாம் அந்தத் திரும்பிப் பார்த்தலுக்கு மருந்தாகாது. 1982இல் வர்ஜீனியாவில், மார்க் ட்வெயின் பெயரையே தாங்கிய ஒரு பள்ளியில் பணியாற்றிய ஜான் வாலஸ் என்ற கறுப்பினக் கல்வியாளர், இந்த நாவலை வகுப்பிலிருந்து எடுக்கச் சொன்னார். அவரை இலக்கியம் தெரியாதவர் என்று தள்ளிவிடுவது எளிது. அவர் பார்த்தது புத்தகத்தை அல்ல, பிள்ளையை.

நோபல் பரிசு பெற்ற கறுப்பின எழுத்தாளர் டோனி மாரிசன், 1996இல் வந்த ஒரு பதிப்புக்கு எழுதிய முன்னுரையில் இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். பள்ளி வயதில் இந்த நாவலை வாசித்தபோது தனக்குள் எழுந்த அச்சத்தை மறைக்காமல் எழுதினார். அதே சமயம், புத்தகத்தைத் தூக்கிவிடுவது பெரியவர்களைச் சமாதானப்படுத்தும் வேலை, பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் வேலை அல்ல என்ற பொருளிலும் எழுதினார். காயத்தையும் மறுக்கவில்லை, புத்தகத்தையும் வீசவில்லை.

இதை வாசித்தபோது என் வகுப்பில் அன்று எல்லாரும் திரும்பிப் பார்த்தது நினைவுக்கு வந்தது. வர்ஜீனியாவும் லெம்பா பெர்த்தாமும் எங்கெங்கோ இருக்கின்றன. திரும்பிப் பார்க்கும் கண்கள் ஒன்றுதான்.

இன்னொன்றும் சொல்லணும். நாம் எப்போதும் பார்க்கப்படும் பக்கத்திலேயே இல்லை. நம் பள்ளத்தாக்கில் தேயிலைக் கொழுந்து பறிக்கவும் காய்கறித் தோட்டத்தில் மண் கொத்தவும் இப்போது வங்காளதேசம், நேப்பாளம், மியன்மாரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். நம் தாத்தா பாட்டி செய்த வேலையைத்தான் அவர்கள் செய்கிறார்கள். நம் பிள்ளைகள் அழுக்குச் சட்டை போட்டவனை ‘பங்ளா மாதிரி இருக்க’ என்று கேலி செய்கிறார்கள். இந்த மலையின் மூத்த குடிகளான செமாய் மக்களை ‘சக்காய்’ என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அடிமை என்ற வாடை கொண்ட பழைய சொல் அது. தனியார் கல்லூரிகளுக்கு ஆப்பிரிக்க மாணவர்கள் வந்தபோது ‘ஆவாங் ஹித்தாம்’ என்று பெயர் வைத்தது நம் நாடு. அவர்களுக்கு வீடு வாடகைக்குக் கிடைப்பதில்லை. கோலாலம்பூரில் படிக்கப்போகும் நம் பிள்ளைகளும் ‘இந்தியர்களுக்கு இல்லை’ என்ற வாடகை விளம்பரத்தைப் பார்த்து மனம் நொந்து திரும்புகிறார்கள். ஒரே பூட்டுதான், இரண்டு கதவு. நம் கதவுக்கு மட்டும் சாவி கேட்டால் போதாது.

வகுப்பில் என்ன செய்யலாம்?

ஆசிரியர்களுக்கு, நான் இப்போது செய்து பார்ப்பவற்றைச் சொல்கிறேன்.

முதலில், இழிசொல் வரும் பகுதியைப் பாடத்துக்கு முன்பே நானே வாசித்து, வகுப்பில் அது யாரைத் தொடும் என்று யோசிக்கிறேன். அந்தச் சொல்லைச் சத்தமாகச் சொல்ல வைப்பதில்லை, கண்ணால் வாசித்தால் போதும்.

இரண்டாவது, சம்பந்தப்பட்ட பிள்ளையை ‘நீ சொல்லு, உனக்கு எப்படி இருக்கு?’ என்று எல்லார் முன்னாலும் கேட்பதில்லை. அக்கறையாகத்தான் கேட்போம், ஆனால் அதுவும் ஒரு திரும்பிப் பார்த்தல்தான். தன் இனத்துக்கோ நிறத்துக்கோ பேச்சாளராக இருப்பது எந்தப் பிள்ளையின் வீட்டுப்பாடமும் இல்லை. வகுப்பு முடிந்த பிறகு தனியாக ஒரு வார்த்தை பேசலாம். தேவைப்பட்டால் பிள்ளையிடம் கேட்டுக்கொண்டு ஆலோசக ஆசிரியரிடம் அழைத்துப் போகலாம்.

மூன்றாவது, கேலி செய்த மாணவனை அதட்டி உட்கார வைப்பதோடு நிறுத்துவதில்லை. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தேடி எழுதி வரச் சொல்கிறேன். சொல்லின் கதை தெரிந்தவனுக்கு அதைக் கல்லாக எறிவது அவ்வளவு எளிதில்லை.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு

பாத்திரப் படைப்பு பற்றிய கேள்விக்கு விடை எழுதும்போது மூன்று கேள்விகளை மனதில் வையுங்கள். இந்த வருணனை யாருடைய குரல்: பாத்திரமா, கதைசொல்லியா? அதைக் கதை கேள்வி கேட்கிறதா, அப்படியே விட்டுவிடுகிறதா? இந்த இனத்தவருக்கு, இந்த நிறத்தவருக்குக் கதையில் சொந்தமாக ஒரு ஆசை, ஒரு முடிவு, ஒரு பேச்சு உண்டா, அல்லது அடுத்தவர் நல்லவர் என்று காட்டத்தான் வருகிறாரா? மூன்றாவது கேள்வியை மணியத்துக்கும் போட்டுப் பாருங்கள், ஜிம்முக்கும் போட்டுப் பாருங்கள். ‘ஆசிரியர் ஒற்றுமையை வலியுறுத்துகிறார்’ என்ற ஒற்றை வரி விடையைத் தாண்டி உங்களால் எழுத முடியும்.

நான்காவதாக ஒரு சின்னச் சோதனை. உங்கள் சொந்த விடைத்தாளில் ‘இருந்தாலும்’, ‘ஆனால்’ என்ற சொற்களுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ‘ஏழையாக இருந்தாலும் நேர்மையானவன்.’ ‘தோட்டத்துப் பையன், ஆனால் புத்திசாலி.’ இலக்கணம் சரியாக இருக்கும். ‘இருந்தாலும்’ எதிர்பார்ப்புக்கு மாறானதைச் சொல்லும் சொல். ஏழை நேர்மையாக இருக்கமாட்டான், தோட்டத்துப் பையனுக்குப் புத்தி இருக்காது என்ற எதிர்பார்ப்பை யார் நமக்குள் வைத்தது?

நான் என் வாக்கியத்தை மாற்றினேன். அதே வகுப்பில், அதே வெண்பலகையில், யாரையும் பார்க்காமல் எழுதினேன்: ‘ஆசிரியராக இருந்தாலும் நான் தவறு செய்தேன்.’ வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. பிறகு ஒரு குரல் கேட்டது, “டீச்சர், இத நோட்ல எழுதணுமா?”

எழுதச் சொன்னேன். தொப்பியைப் பின்னால் தள்ளிவிட்டு அவளும் எழுதினாள்.